மேலூர் ரோடு கார் ஏலம்: டேப்பும் காந்தமும் இல்லாமல் போகாதீர்கள்

மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் போகிற வழியில், யானைமலை முதுகு காட்டிப் படுத்திருக்கிற பக்கம் ஒரு பெரிய குடோன் இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்துப் பழைய கார்களை ஏலம் விடுகிறது ஒரு நிறுவனம். ஆறு மாதத்துக்கு முன் அங்கே நான் ஒரு கார் எடுத்தேன். பெயரை எழுதவில்லை, என் புகார் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. ஆனால் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த ஏலத்துக்கு மதுரை, திண்டுக்கல், காரைக்குடி ஆட்கள் நிறையப் பேர் தயாராகிக் கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஐந்துக்கு இரண்டு மார்க் தருகிறேன். அந்த இரண்டு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பட்டியலில் போட்டிருந்தது இதுதான்: 1967 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், இரண்டு சீட், ஓப்பன் டாப், சிவப்பு, ஓடும் நிலை, ஆர்.சி. உண்டு.

இந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்து வண்டி. 1962-லிருந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், ஆனால் நம் ஊரில் பார்ப்பது அபூர்வம். அதைவிட எனக்கு முக்கியம், அது ஹெரால்டின் தம்பி என்பது. ஹெரால்டு என்றால் நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான், சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து செய்த கார். இரண்டுக்கும் வடிவம் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஹெரால்டின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரையே உருவாக்கினார்கள். என் அப்பா திருமங்கலத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார், அந்த டாக்டரிடம் ஒரு வெள்ளை ஹெரால்டு. பானட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து வண்டியின் முகமே முன்பக்கம் சாயும், இன்ஜின் முழுசாக வெளியே தெரியும். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதை நின்று பார்ப்பதற்காகவே ஸ்கூல் விட்டதும் அங்கே ஓடுவேன். அதனால் அந்த வரியை நான் நிதானமாகப் படிக்கவில்லை. ஆசையோடு படித்தேன்.

வண்டியைப் பார்க்க விட்டது ஒரே ஒரு நாள், சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. மொத்தம் பதினான்கு கார், ஐம்பது அறுபது பேர். நானும் என் மச்சினனும் பத்தே காலுக்குப் போனோம். வண்டி மூலையில் நின்றது, டயருக்குக்கூட பாலிஷ் போட்டிருந்தார்கள். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து காட்டினார்கள், ஒரே அடியில் எடுத்தது. மச்சினன் பானட் மேல் கை வைத்துவிட்டு, "மச்சான், சூடா இருக்கு, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க" என்றான். பழைய இன்ஜினை ராத்திரி முழுக்க ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால்தான் உண்மை தெரியும். ரிங் போயிருந்தால் புகை, பேரிங் தளர்ந்திருந்தால் முதல் சில நொடி தட்டல், எல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். சூடாக இருக்கிற இன்ஜின் பலதை மறைத்துவிடும். அவன் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

அடியில் பார்க்க ஜாக்கி போடலாமா என்று கேட்டோம். இன்சூரன்ஸ் பிரச்சினை, அனுமதி இல்லை என்றார்கள். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொன்னோம், ஜெயித்தவருக்கு மட்டும்தான் பணம் கட்டிய பிறகு தருவோம் என்றார்கள். இந்த இரண்டு பதிலையும் கேட்ட உடனே திரும்பி வந்திருக்க வேண்டும். ஒரு கார் என்பது சேஸும் பேப்பரும்தான், மிச்சம் எல்லாம் அப்புறம் சரி செய்துகொள்ளலாம். அந்த இரண்டையும் காட்டாமல் சிவப்பு பெயிண்டை மட்டும் காட்டுகிறார்கள் என்றால் எதை நம்பி விலை கேட்பது?

ஏலம் மறுநாள் ஆன்லைனில். முன்பணம் 50,000 ரூபாய். ஆரம்ப விலை மூன்றரை லட்சம். கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் மூன்று நிமிடம் நீளும், அந்த விதி நியாயமானதுதான், ஆனால் நம் ரத்தக் கொதிப்புக்கு நல்லதில்லை. எதிரில் யார் என்று தெரியாது, ஒரு நம்பர் மட்டும் ஏறும். ஐந்து லட்சத்தில் நிறுத்துவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். 6,40,000-க்கு எடுத்தேன். அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் 8 சதவீதம், 51,200. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 9,216. ஆக 7,00,416 ரூபாய். ஐந்து நாளுக்குள் எடுத்துக்கொண்டு போகாவிட்டால் நாளுக்கு 750 ரூபாய் இட வாடகை. இந்தக் கணக்கு எதையும் அவர்கள் மறைக்கவில்லை, விதிமுறைகளில் தெளிவாக இருந்தது. நீங்கள் ஏலத்துக்கு உட்காரும்போது இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வீட்டில் யாரிடமாவது கொடுத்து, அதைத் தாண்டினால் போனைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வண்டியை லாரியில் ஏற்றித் தெற்குவாசல் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். எழுபதை நெருங்குகிறவர், சின்ன வயதில் ஹெரால்டும் ஃபியட்டும் வேலை பார்த்தே தொழில் கற்றவர். அவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார், ஒன்றும் பேசவில்லை. பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் பிடித்துப் பார்த்தார். "தம்பி, தொண்ணூத்தொன்றரை இஞ்சு. இது ஹெரால்டுப்பா" என்றார்.

ஸ்பிட்ஃபயரின் வீல்பேஸ் 83 அங்குலம். ஹெரால்டு 91.5. எட்டரை அங்குல வித்தியாசம், ஒரு சாண் நீளம். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகூட அளந்திருக்கலாம், எவர் அனுமதியும் வேண்டாம். நான் குடோனில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நின்றேன், நாற்பது போட்டோ எடுத்தேன், ஒரு தடவைகூட அளக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யாரோ ஒருவர், எப்போதோ, இரண்டு கதவு ஹெரால்டின் கூரையைக் கழற்றி, பின் சீட்டை எடுத்து, பின்பக்க பாடியை வெட்டி, ஃபைபரில் ஒரு பானட் செய்து மாட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கியிருக்கிறார். ஹெரால்டு கூரை போல்ட் போட்டு மாட்டியதுதான், கழற்றுவதால் பெரிய பாவம் இல்லை, கம்பெனியே ஓப்பன் மாடல் செய்திருக்கிறது. ஆனால் பின்பக்க பாடியை வெட்டியதை அப்படி விட முடியாது. கார்புரேட்டரும் காட்டிக் கொடுத்தது. ஸ்பிட்ஃபயருக்கு எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு இருக்க வேண்டும், இதில் சோலெக்ஸ் என்கிற வேறு கம்பெனி கார்புரேட்டர் ஒன்றே ஒன்று. பட்டியல் போட்டோவில் அந்த இடத்தை மறைக்கிற மாதிரி ஏர் ஃபில்டர் டப்பா தெரிந்தது, நான் அதை உற்றுப் பார்க்கவில்லை.

கதவுக்குக் கீழே சில் பகுதியில் அண்ணன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தார். முன்னால் ஒட்டியது, நடுவில் நழுவிக் கீழே விழுந்தது. அங்கே தகடே இல்லை, பட்டி மட்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், துணி சுற்றினால் பெயிண்டில் கீறலும் விழாது. பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பதே தப்பு என்று சொல்லவில்லை, பள்ளத்துக்கு ஒரு மெல்லிய பூச்சு எல்லா டிங்கரும் போடுவதுதான். தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸ், அதன் நடு முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் கைகள் மாதிரி நீண்டு பாடியைத் தாங்கும். அந்தக் கைகளில்தான் ஹெரால்டுக்கு முதலில் துரு பிடிக்கும், சேறும் ஈரமும் உள்ளே போய்த் தங்கிவிடும். இதில் இடது பக்கக் கைகள் இரண்டும் இற்றுப்போய், மேலே தகடு வைத்து ஒட்டி, முழுக்கக் கருப்புத் தார் பூசியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டியதும் உள்ளே போய்விட்டது. ஒருவேளை நீங்கள் பார்ப்பது உண்மையான ஸ்பிட்ஃபயராகவே இருந்தாலும் இந்தப் பயம் வேறு மாதிரி இருக்கும். அதற்கு அந்தக் கைகள் கிடையாது, பக்கத்துச் சில்தான் பாடிக்குப் பலம். சில் இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவு இடைவெளி மேலே குறுகிக் கீழே அகலும். ஜாக்கி வேண்டாம், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

இன்னொன்றை எழுதாமல் இருக்க முடியாது, உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரத்தைக் கீழே தாங்குவது ட்ரன்னியன் என்கிற பித்தளைத் துண்டு. சக்கரத்தைப் பிடிக்கிற இரும்புத் தண்டு மரை மாதிரி அதற்குள் திருகி உட்கார்ந்திருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், 90 நம்பர் ஆயில். கிரீஸ் அடித்தால் கெட்டியாகி மரையின் அடி வரைக்கும் போய்ச் சேராது, உள்ளே தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் கிரீஸ் வழிந்தது. வாங்கிய அன்றே அழகர்கோவில் ரோட்டில் குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போகலாம் என்று நான் சொல்லிக் கொண்டிருந்தேன். அண்ணன் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சரி, பேப்பருக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுகிற இடம் இது, என்னை அதிகமாகச் சுற்றவிட்டதும் இதுதான்.

பணம் கட்டிய பிறகு கையில் கிடைத்த ஆர்.சி., எம்டியு என்கிற பழைய மதுரை நம்பர் போட்ட கையெழுத்துப் புத்தகம். தயாரிப்பு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆக, ஆர்.சி.யில் பொய் இல்லை, பட்டியலில்தான் பொய். ஒரே ஒரு பக்கத்தை முன்கூட்டியே காட்டியிருந்தால் நான் விலையே கேட்டிருக்க மாட்டேன். உரிமையாளர் பெயரில் இருந்தவர் இறந்து பல வருடம் ஆகிறது. விற்றவர் அவருடைய பேரன்.

ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பெயர் மாற்ற படிவம் 32 இருக்கிறதே, அதைக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது மத்திய அரசோ மாநில அரசோ, அல்லது அவர்கள் சார்பில் நடக்கிற பொது ஏலத்துக்கு மட்டும்தான். தனியார் நிறுவனம் ஏலம் விட்டால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரண விற்பனை. அதற்கான பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் பதிவு பெற்ற உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்துவிட்டால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்ற வேண்டும், அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். இந்தக் குடும்பத்தில் வாரிசுகள் ஐந்து பேர், இருவர் வெளிநாட்டில். ஏல நிறுவனம் பேரனிடம் ஒரு ஒப்புதல் கடிதம் மட்டும் வாங்கி வைத்திருந்தது. அந்தக் கடிதத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீட்டினேன், கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகவே விளக்கினார், இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது சார் என்று.

அதோடு முடியவில்லை. பழைய கையெழுத்து ஆர்.சி. என்பதால் கம்ப்யூட்டரில் அந்த நம்பரே இல்லை, முதலில் பேக்லாக் என்ட்ரி போட்டு ஏற்ற வேண்டும். ஆர்.சி. கடைசியாகப் புதுப்பித்து முடிந்தது 2009-இல். 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆகிவிட்டது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி, பசுமை வரி தனி. பட்டியலில் "ஆர்.சி. உண்டு" என்று போட்டால் அது செல்லுபடியாகும் ஆர்.சி. என்று அர்த்தமில்லை. எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

என்னை நிஜமாகவே வருத்தியது அடுத்த விஷயம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் விஏ எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம். இந்த ஹெரால்டுக்கு வயது போதும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. வெட்டியதால் இதற்கு அது கிடையாது. சாதாரணமாகப் புதுப்பிக்கலாம் என்றாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது, கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஸ்பிட்ஃபயரும் இல்லை, ஹெரால்டும் இல்லை என்று ஆர்.சி.க்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. வண்டலூரில் நம் ஆட்கள் கையால் பூட்டிய கார், அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு அதற்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்!

நிறுவனத்தின் பதில் என்ன? நான் மெயில் போட்ட மூன்றாம் நாள் பதில் வந்தது, மரியாதையான பதில்தான். உள்ளது உள்ளபடி என்கிற விதியைக் காட்டினார்கள், பட்டியலில் உள்ள விவரங்கள் விற்பவர் சொன்னவை, சரிபார்ப்பது வாங்குபவர் பொறுப்பு என்று ஏழாவது விதியில் இருக்கிறது என்றார்கள். இருக்கிறது, நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் சரிபார்க்கும் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டு, ஜாக்கி போடாதே, ஆர்.சி. கேட்காதே என்றால் எப்படிச் சரிபார்ப்பது? இதைத்தான் நேரில் போய்க் கேட்டேன், மேலாளரிடம் பதில் இல்லை. அடுத்த ஏலத்தில் கமிஷன் இல்லாமல் திரும்ப விற்றுத் தருகிறோம் என்றார். அதே ஸ்பிட்ஃபயர் என்கிற பெயரிலா என்று கேட்டேன். அப்படி இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை, மறுத்துவிட்டேன். கட்டணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று எழுதியிருக்கிறேன், இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

அந்த இரண்டு மார்க் எதற்கென்றால், பணம் சம்பந்தப்பட்ட எதிலும் குழப்பம் இல்லை. அதே ஏலத்தில் தோற்ற என் நண்பருக்கு முன்பணம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. எனக்கு ரசீது எல்லாம் ஒழுங்காக வந்தது, லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது, ஏற்றிய பையன்கள் ஒரு கீறல் விழாமல் ஏற்றினார்கள். அந்தப் பையன்களுக்கே ஒரு மார்க் கொடுக்கலாம்.

அடுத்த மாத ஏலத்தின் பட்டியல் வந்திருக்கிறது. ஒரு கான்டெஸா இருக்கிறது, இரண்டு பத்மினி, ஓப்பன் டாப் ஜீப் ஒன்று. போகிறவர்கள் காலையில் முதல் ஆளாகப் போய் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் நீங்களே படித்து எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கி போட விடவில்லை என்றால் போனை கேமரா மேலே பார்க்கிற மாதிரி தரையில் வைத்து அடியில் தள்ளி வீடியோ எடுங்கள், அதற்குத் தடை சொல்ல அவர்களிடம் விதி இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர், அவர் உயிரோடு இருக்கிறாரா, படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று முன்கூட்டியே மெயிலில் கேளுங்கள். பதில் வராத வண்டியை விட்டுவிடுங்கள்.

என் வண்டி இப்போது அண்ணன் பட்டறையில் பாடி தனியாக, சேஸ் தனியாக நிற்கிறது. சேஸின் கைகள் இரண்டையும் வெட்டி எடுத்துப் புதிதாக அடித்துப் பற்ற வைத்தாயிற்று, ட்ரன்னியன் லேத்தில் இருக்கிறது. திரும்ப ஹெரால்டாகவே கட்டிவிடலாம் என்று முடிவு. பேரனும் நல்ல மனிதர், அத்தைகளிடம் தானே போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மூன்று பேருடையது வந்துவிட்டது. இரண்டு கதவு ஹெரால்டின் கூரையும் தகடு பானட்டும் பின்பக்க பாடியும் வேண்டும். சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் இரண்டு தடவை அலைந்தும் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் எந்த மாட்டுக் கொட்டகையிலாவது, எந்தப் பழைய வீட்டுப் பின்கட்டிலாவது சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள், நானே லாரி பிடித்து வருகிறேன்.